காரின் பெயிண்ட்டை மெஷினால் பாலிஷ் செய்தல்: நேரத்தை வீணாக்காமல் முடிக்கும் முறை

மெஷின் பாலிஷ் பழக வருகிறவர்களில் பலர் வேகத்தை மெஷினின் டயலில் தேடுகிறார்கள். எண்ணை ஐந்திலிருந்து ஆறுக்கு ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நம்பி, மாலையில் அதே பானெட்டை மூன்றாம் முறையாகத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தேய்ப்பதில் செலவாகும் நேரத்தைவிடத் திரும்பத் தேய்ப்பதில் செலவாகும் நேரமே அதிகம். எந்த பேட் (மெஷினில் பொருத்தும் ஃபோம் வட்டு), எந்தக் காம்பவுண்ட் (தேய்க்கும் பசை), எத்தனை நடை (ஓர் இடம் முழுவதையும் ஒருமுறை ஓட்டி முடிப்பது ஒரு நடை) என்பதை முதலில் ஒரு சிறு சதுரத்தில் முடிவுசெய்துவிட்டு, பின்பு கார் முழுவதும் அதை மாற்றாமல் செய்கிறவர் வேலையைச் சீக்கிரம் முடிக்கிறார். பெயிண்ட்டும் குறைவாகத் தேய்கிறது.

இந்த வழிகாட்டி, வீட்டு போர்ட்டிகோவில் சொந்தக் காரைச் செய்ய விரும்புகிறவர்களுக்கும், வாட்டர் சர்வீஸ் நடத்திக்கொண்டே பாலிஷ் வேலையையும் தொடங்க நினைப்பவர்களுக்கும் உரியது. டி.ஏ. மெஷின் எனப்படும் இரட்டை அசைவு மெஷினையே இங்கு அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுழல்வதால் வேகமாக வெட்டும், அதாவது பெயிண்ட்டை வேகமாகத் தேய்த்தெடுக்கும். அதே வேகத்தில் ஓரங்களைக் கருக்கியும் விடும். டி.ஏ. மெஷினில் கை பழகிய பிறகே அதைத் தொடுவது நல்லது.

1. எவ்வளவு தேய்க்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுதல்

இன்றைய கார்களில் பிரைமர், நிறம், அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசப்பட்டிருக்கும். எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). ஜெராக்ஸ் கடையின் ஒரு தாளை விரலிடையில் பிடித்துப் பார்த்தால் அந்தத் தடிமன் புரியும். அதில் கிளியர் கோட்டின் பங்கு பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். நாம் பாலிஷ் செய்வது அந்த மேலடுக்கை மட்டுமே.

கீறல் போகிறது என்றால், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்கிவிட்டோம் என்று பொருள். ஆகவே நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது நகம் சிக்கும் கீறலை முழுவதும் போக்க முயலக் கூடாது. அதன் விளிம்பை மழுக்கி, கண்ணுக்குக் குறைவாகத் தெரியும்படி செய்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வாடிக்கையாளரிடமும் இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. முடித்த பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

சில பழைய வண்டிகளில் கிளியர் கோட் இராது. மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது காம்பவுண்ட் தொட்டுக் கையால் தேய்த்தால், துணியில் காரின் நிறம் ஒட்டும். கிளியர் கோட் உள்ள காரில் நிறம் ஒட்டாது. கிளியர் கோட் உள்ளதாக அறிந்த காரில் பேட்டின்மேல் நிறம் வரத் தொடங்கினால் உடனே நிறுத்த வேண்டும். மேலடுக்கு அங்கே தீர்ந்துவிட்டது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மெஷின்: புதிதாக வாங்குகிறவர்களுக்கு 15 மில்லிமீட்டர் அசைவுள்ள (பேட் ஊசலாடும் வட்டத்தின் அகலம்) மெஷின் போதும். 21 மில்லிமீட்டர் அசைவுள்ளது கூரை, பானெட் போன்ற அகன்ற இடங்களை விரைவாக முடிக்கும். ஆனால் வளைவுகளில் அடிக்கடி சுழற்சியை நிறுத்திக்கொள்ளும். தூண்களுக்கும் கைப்பிடிச் சுற்றுக்கும் மூன்று அங்குல பேட் பொருத்தும் சிறிய மெஷின் இருந்தால் நல்லது; இல்லாவிட்டாலும் அந்த இடங்களைக் கையால் சமாளிக்கலாம்.

பேட்கள்: பேக்கிங் பிளேட்டைவிட, அதாவது மெஷினில் பேட் ஒட்டும் வட்டத் தட்டைவிட, சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ஐந்து அங்குலப் பிளேட்டுக்கு ஐந்தரை அங்குல பேட் என்றால், பிளேட்டின் விளிம்பு பெயிண்ட்டில் இடிக்காது. கீறலை வெட்டும் கடினமான கட்டிங் பேட் ஐந்தாறும் மெருகேற்றும் மென்மையான ஃபினிஷிங் பேட் மூன்று நான்கும் ஒரு காருக்கு வேண்டும். புதியவர்கள் விலை உயர்ந்த மெஷினை வாங்கிவிட்டு பேட் மட்டும் இரண்டே இரண்டு வாங்குகிறார்கள். நேரம் வீணாவதற்கு முதற் காரணம் இதுதான். ஏன் என்பதை எட்டாம் பகுதியில் சொல்கிறேன். பேட்டின் நிறத்தை நம்பி வாங்க வேண்டாம். ஒரு நிறுவனத்தின் மஞ்சள் பேட்டும் மற்றொன்றின் மஞ்சள் பேட்டும் ஒரே கடினம் கொண்டவை அல்ல.

காம்பவுண்ட்: நன்றாக வெட்டும் காம்பவுண்ட் ஒன்று, மெருகேற்றும் பாலிஷ் ஒன்று. 3எம், மெகுவையர்ஸ், மென்சர்னா, ரூப்ஸ் என எதுவானாலும், ஒரே நிறுவனத்தின் இரண்டையும் வாங்கி அவற்றோடு பழகுவதே சிறந்தது. மாதம் ஒரு புட்டியாக மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு எந்த ஒன்றின் குணமும் கையில் படியாது.

மற்றவை: மைக்ரோஃபைபர் துணிகள் இருபதாவது, மாஸ்கிங் டேப், கையில் பிடிக்கும் எல்.இ.டி. விளக்கு, கிளே பார் (பெயிண்ட்டில் ஒட்டிய துகள்களை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி), இரும்புத்துகள் நீக்கி, தார் நீக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பேட் துடைக்கும் நைலான் பிரஷ். மூன்று கம்பி உள்ள தடித்த எக்ஸ்டென்ஷன் வயரும் வேண்டும். மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் மின்னழுத்தம் குறைந்து, அழுத்தும்போது மெஷின் திணறும். பழுது மெஷினில் என்று நினைத்து அதைக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்களும் உண்டு.

உடை பற்றியும் ஒரு சொல். சாரம் (லுங்கி) உடுத்திக்கொண்டும் தோளில் தோர்த்து (துண்டு) போட்டுக்கொண்டும் சுழலும் மெஷினைப் பிடிக்கக் கூடாது. பெல்ட் பக்கிள், மோதிரம், கைக்கடிகாரம் மூன்றும் பெயிண்ட்டைக் கீறும். கழற்றி வைத்துவிட வேண்டும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம்.

3. இடத்தையும் பொழுதையும் தேர்ந்தெடுத்தல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் வருகின்றன. இரண்டு மழையும் கிடைப்பது வயலுக்கு நல்லது; திறந்த வெளியில் பாலிஷ் செய்கிறவருக்கு அன்று. கூரையுள்ள இடம் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் விரைந்து சுழலும் மாதங்களில் காற்றோடு தூசியும் வரும். காற்று வரும் பக்கத்தை தார்ப்பாயால் மறைத்தே செய்ய வேண்டும். பேட்டுக்கும் பெயிண்ட்டுக்கும் இடையில் புகும் ஒரு மணல் துகள், ஒரு மணி நேர வேலையை அழித்துவிடும்.

கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்கான், ரூட்டைல், மோனசைட் ஆகியவற்றோடு கார்னெட் என்ற கனிமமும் உண்டு. கார்னெட்டைத்தான் உப்புத்தாள் செய்யப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பக்கத்து வண்டியின் மேல் படிந்த தூசியை உலர்ந்த தோர்த்தால் தட்டித் துடைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம்மிடம் பாலிஷுக்கு வரும் கீறல்களில் பெரும்பகுதி அப்படி வந்தவைதான்.

பெயிண்ட் கையைவிடச் சூடாக இருக்கக் கூடாது. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை வெயிலில் ஓடி வந்த வண்டியின் பானெட்டில் உடனே காம்பவுண்ட் வைத்தால் அது இரண்டு நடைக்குள் காய்ந்து மாவாகப் பறக்கும். எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். காலை ஆறரைக்குத் தொடங்கி மதிய வெயிலுக்குள் கூரையையும் பானெட்டையும் முடித்துவிடுவது என் வழக்கம். ஆனால் இரவில் வெளியே நின்ற வண்டியில் பனி ஈரம் இருக்கும். கதவு, கண்ணாடி ஓர ரப்பர் பீடிங்குகளின் இடுக்கு வரை உலர்த்திய பிறகே மெஷினை எடுக்க வேண்டும்.

4. கழுவுதலும் ஒட்டியவற்றை அகற்றுதலும்

இந்தப் படியைச் சுருக்கினால் பின்வரும் எல்லாப் படிகளும் கெடும். வரிசை இது: முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குதல், பின்பு ஷாம்பூ, பின்பு இரும்புத்துகள் நீக்கி, பின்பு தார் நீக்கி, இறுதியில் கிளே. கிளேயை முன்னால் கொண்டுவந்தால், மருந்தால் கரைய வேண்டிய துகள்களையெல்லாம் அது பெயிண்ட்டின்மேல் இழுத்துக்கொண்டு போகும்.

ஷாம்பூவுக்கு இரண்டு வாளி வைக்க வேண்டும். ஒன்றில் நுரை, மற்றொன்றில் கையுறையை அலசும் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் உப்பாக உள்ள குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில், கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுத்து, காயவிடாமல் உடனே துடைக்க வேண்டும். காய்ந்த உப்புத் தண்ணீர் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை வைக்கும். புதிய கறை, தண்ணீர் கலந்த வெள்ளை வினிகருக்குப் போய்விடும். பெயிண்ட்டுக்குள் அரித்து இறங்கிய கறையை மெஷின்தான் எடுக்க வேண்டும்.

இரும்புத்துகள் நீக்கியைத் தெளித்ததும் பிரேக் தூள் ஒட்டிய இடங்களில் ஊதா நிறம் வழியும். வழிவது நின்றதும் கழுவிவிட வேண்டும். அதைக் காயவிடக் கூடாது.

குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கத்து வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்விடும் காலத்தில் தோட்டங்களில் தேன் பெட்டிகள் வைப்பார்கள். அந்த நாட்களில் பக்கத்தில் நிற்கும் கார்களின்மேல் மஞ்சளாக, புள்ளி புள்ளியாகத் தேனீயின் எச்சம் விழும். காய்ந்ததை நகத்தால் சுரண்டுவதும் கிளேயால் நேராகத் தேய்ப்பதும் தவறு. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் அதன்மேல் போட்டு வைத்தால் இளகி வந்துவிடும். நாள்பட்டதாக இருந்தால், புள்ளி போன பிறகும் அதன் கீழே மங்கலான வட்டம் நிற்கும். அது பாலிஷுக்கு உரியது.

கிளேயைப் போதிய சோப்பு நீரின்மேல் எடையின்றி ஓட்ட வேண்டும். உரசும் ஒலியும் கையில் தெரியும் சொரசொரப்பும் நின்றுவிட்டால் அந்த இடம் முடிந்தது. கீழே விழுந்த கிளே துண்டைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

5. டேப் ஒட்டுதலும் தடிமன் அளத்தலும்

கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், எழுத்துச் சின்னங்கள், கூரைக் கம்பி, வாஷர் நாசில் ஆகியவற்றுக்கு டேப் ஒட்ட வேண்டும். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் காய்ந்த காம்பவுண்ட் வெள்ளைத் தழும்பாக நின்றுவிடும். அதைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுக்கும் நேரத்தில் இரண்டு கார்களுக்கு டேப் ஒட்டிவிடலாம். பேனல்களின் கூரான மடிப்புக் கோடுகளுக்கும் டேப் ஒட்டுவது நல்லது. அங்கே பெயிண்ட் இயல்பாகவே மெல்லியதாக இருக்கும், அழுத்தமும் அங்கேதான் குவியும்.

தடிமன் அளவி இருந்தால் ஒவ்வொரு பேனலிலும் நான்கைந்து இடங்களில் அளந்து டேப்பிலேயே எழுதி வைக்கலாம். அது காட்டுவது மொத்தத் தடிமனை; கிளியர் கோட்டை மட்டும் தனியாகக் காட்டாது. சாதாரண அளவி பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. மற்ற பேனல்கள் 110 காட்டும்போது ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் அது மறுபடி பெயிண்ட் அடித்த கதவு. அதைவிடப் பல மடங்கு காட்டினால் உள்ளே பட்டி (நசுங்கலை நிரப்பும் பூச்சு) இருக்கிறது. மாறாக, ஒரு பேனல் 80க்குக் கீழே காட்டினால் அங்கே ஏற்கெனவே ஒருவர் ரப்பிங் செய்து தேய்த்திருக்கக்கூடும். அதில் மெருகு பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. சோதனைச் சதுரம்

முழு வேலையின் நேரத்தையும் தீர்மானிப்பது இந்தப் படி. பானெட்டின் நடுவில், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் டேப்பால் ஒரு சதுரம் ஒட்டிக்கொள்ளுங்கள். டேப்பின் அந்தப் பக்கம் தொடாத பெயிண்ட், இந்தப் பக்கம் தேய்த்த பெயிண்ட் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காகவே டேப்.

மென்மையானதில் தொடங்க வேண்டும்: ஃபினிஷிங் பேட், மெருகு பாலிஷ், நான்கு நடை. துடைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு நல்ல தண்ணீர் நான்கு பங்கு என்று கலந்து தெளித்து மறுபடியும் துடையுங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய்ப்பசை மெல்லிய கீறல்களை நிரப்பி மறைத்துவிடும். அதை எடுத்த பின் தெரிவதே உண்மையான நிலை. இந்தத் துடைப்பைச் செய்யாமல் முடிவெடுத்தவரின் கார் மூன்றாம் கழுவலில் பழைய கீறல்களோடு திரும்பி வரும்.

விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பத்தில் எட்டுப் பங்கு கீறல் போயிருந்தால், பெரும்பாலான வண்டிகளுக்கு அதுவே போதும். போதவில்லை என்றால் பேட்டை மட்டும் கடினமானதாக மாற்றி, அதே பாலிஷை வைத்து, பக்கத்தில் புதிய சதுரத்தில் செய்ய வேண்டும். அதுவும் போதவில்லை என்றால்தான் காம்பவுண்ட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது முக்கியம். பேட்டையும் காம்பவுண்டையும் வேகத்தையும் ஒரே முறையில் மாற்றினால், எதனால் சரியாயிற்று என்பது தெரியாது. அடுத்த பேனலில் சிக்கல் வரும்போது எதை மாற்றுவது என்றும் தெரியாது.

புதியவர்கள் பெரும்பாலும் கம்பளி பேட்டும் வலுவான காம்பவுண்டும் கொண்டு தொடங்குகிறார்கள். கீறல் போய்விடும், உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டு வைத்துவிட்டுப் போகும் மங்கலை எடுக்க முழுக் காருக்கும் இரண்டாம் சுற்று கட்டாயமாகிவிடும். மிதமான பேட்டும் நடுத்தரப் பாலிஷும் ஒரே சுற்றில் முடித்திருக்கக்கூடிய காரை, இரண்டு நாள் வேலையாக மாற்றுவது இந்த அவசரம்தான். சிறிய ஹேட்ச்பேக் ஒன்றை ஒரே சுற்றில் முடிக்க, கழுவும் நேரம் தவிர, ஐந்தாறு மணி நேரம் ஆகும். இரண்டு சுற்று என்றால் கணக்கு அப்படியே இரட்டிக்கும்.

முடிவானதை ஒரு டேப் துண்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள்: பேட், பாலிஷ், டயல் எண், நடைகள். பிற்பகலில் களைப்பு வந்ததும் கை தானாக நடைகளைக் குறைக்கத் தொடங்கும். அப்போது அந்தத் துண்டு பயன்படும்.

7. ஒரு சதுரத்தை முடிக்கும் முறை

புதிய பேட்டின் முகம் முழுவதும் பாலிஷ் மெல்லியதாகப் படியும்படி முதலில் தடவிக்கொள்ள வேண்டும். உலர்ந்த பேட்டின் நடுவில் மட்டும் துளி வைத்தால், விளிம்புப் பகுதி வெறும் ஃபோமாகவே உரசி மங்கலாக்கும். அதன்பின் ஒவ்வொரு சதுரத்துக்கும் பட்டாணி அளவில் மூன்று துளி போதும். அதிகம் வைத்தால் வெட்டு அதிகமாகாது. பேட் வழுக்கும், துடைக்கும் வேலை கூடும்.

பேட்டைப் பெயிண்ட்டில் வைத்த பிறகே மெஷினை ஓட விட வேண்டும், நின்ற பிறகே தூக்க வேண்டும். தவறினால் சட்டை முதல் சுவர் வரை தெறிக்கும். டயல் ஒன்றில் வைத்துச் சதுரம் முழுவதும் பரப்பிவிட்டு, கட்டிங்குக்கு நான்கரை முதல் ஐந்து, மெருகுக்கு மூன்றரை முதல் நான்கு என்று ஏற்றிக்கொள்ளலாம்.

முதல் நடையை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடும்படி ஓட்டுங்கள். அடுத்த நடை மேலிருந்து கீழாக. இப்படி நான்கு முதல் ஆறு நடை. கையின் வேகம் நொடிக்கு ஒன்று முதல் இரண்டு அங்குலம். அதற்கு மேல் வேண்டாம். வேலை நடப்பது மெஷினின் அசைவால். கை அதை இடம் மாற்ற மட்டுமே செய்கிறது. தரை துடைப்பதுபோல் கையை வீசுகிறவர் ஆறு நடை ஓட்டினாலும் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு நடைக்கான தேய்ப்பையே பெறுகிறது. இந்த வேகத்தில் ஒரு சதுரத்துக்குக் குறைந்தது மூன்று நிமிடம் ஆகும்.

“அண்ணே, மெஷின் ஓடுது, கீறல் போவல்லியே” என்று பழகுகிறவர் கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது பேக்கிங் பிளேட்டை. பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுழல்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுழலாமல் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தால் பேட் அதிர்கிறதே தவிர வெட்டவில்லை. காரணம் மூன்றில் ஒன்று: அழுத்தம் அதிகம், பேட் சாய்ந்திருக்கிறது, அல்லது மேடுபள்ளமான வளைவில் அகன்ற பேட்டை வைத்திருக்கிறோம். அழுத்தத்தைக் குறைத்து, பேட்டைத் தட்டையாக்கினால் கோடு மறுபடியும் சுழலும்.

கட்டிங்கின்போது அழுத்தம் மெஷினின் எடைக்கு மேல் கையின் எடை சேரும் அளவுக்கு இருக்கலாம். கடைசி நடையில் மெஷினின் எடை மட்டும். வயரைத் தோளின்மேல் போட்டுக்கொள்ள வேண்டும். பானெட்டின்மேல் இழுபடும் வயர், இப்போது சரிசெய்த இடத்திலேயே புதுக் கோடுகளைப் போடும்.

பாலிஷ் முழுவதும் காய்ந்து மறையும்வரை ஓட்ட வேண்டும் என்பது பழைய பழக்கம். காய்ந்த பின் ஓட்டுவதில் வெட்டும் இல்லை, மெருகும் இல்லை; சூடும் தூளும் மட்டுமே. மெல்லிய ஈரப்படலம் இருக்கும்போதே நிறுத்தித் துடைத்துவிடுங்கள்.

8. பேட்டைச் சுத்தமாக வைத்திருத்தல்

ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேட்டில், தீர்ந்துபோன பாலிஷும் காரிலிருந்து தேய்ந்து வந்த கிளியர் கோட்டும் சேர்ந்து ஒரு பசையாக நிற்கும். அதன்மேல் புதுத் துளிகளை வைத்தால் அவை பெயிண்ட்டைத் தொடுவதற்குள் அந்தப் பசையில் கலந்துவிடும். முதல் சதுரத்தில் நான்கு நடையில் போன கீறல், ஐந்தாம் சதுரத்தில் எட்டு நடையிலும் போகாததற்குக் காரணம் பெயிண்ட் அன்று, இந்தப் பசை.

ஏர் கம்ப்ரஸர் இருந்தால் சதுரத்துக்கு ஒருமுறை பேட்டை ஊதிவிடுங்கள். இல்லாதவர்கள் மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு நைலான் பிரஷ்ஷை ஐந்து நொடி பேட்டில் பிடித்தால் போதும்; பிறகு ஒரு பழைய மைக்ரோஃபைபர் துணியில் அழுத்தி ஓட்டி ஈரத்தை எடுக்க வேண்டும்.

இரண்டு பேனலுக்கு ஒருமுறை பேட்டையே மாற்ற வேண்டும். ஃபோம் தொடர்ந்து சூடாகும்போது தளர்ந்து வெட்டை இழக்கிறது. இரண்டே பேட்களோடு முழுக் காரையும் செய்கிறவர் மதியத்துக்குப் பின் தளர்ந்த பேட்டோடு போராடுகிறார். மாற்றும் போது விரல்களைப் பிளேட்டின் நடுப்பகுதியில் வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் தாமதமாக மாற்றியிருக்கிறோம்.

9. பேனல்களின் வரிசை

கூரை, பானெட், டிக்கி, அதன்பின் ஒரு பக்கம் முழுவதும், மறுபக்கம் முழுவதும், கடைசியில் பம்பர்கள். உயரமானதையும் உடல் வளைத்துச் செய்ய வேண்டியதையும் தெம்பு இருக்கும்போதே முடிப்பதற்காகவும், மேலிருந்து விழும் தூள் முடித்த பக்கங்களில் படியாமல் இருப்பதற்காகவும் இந்த வரிசை. கூரைக்கு உறுதியான ஸ்டூல் வேண்டும். கதவுப் படியில் ஏறி நின்று ஒரு கையால் மெஷினைப் பிடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அது பெயிண்ட்டுக்கும் முதுகுக்கும் ஆகாது.

இரண்டு சுற்று வேலை என்றால், கட்டிங்கை முழுக் காருக்கும் முடித்துவிட்டே மெருகுக்குப் போக வேண்டும். பேனலுக்குப் பேனல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால், பேட் மாற்றும் நேரமும் கூடும். பக்கத்து பேனலின் கட்டிங் தூள் முடித்த பேனலிலும் விழும்.

10. கவனம் கூடுதலாக வேண்டிய இடங்கள்

பிளாஸ்டிக் பம்பர் சூட்டை இரும்புத் தகடுபோல் பரப்பிவிடாது. தேய்த்த இடத்திலேயே சூடு தங்கும். வேகத்தை ஒரு எண் குறைத்து, இரண்டு நடைக்கு ஒருமுறை புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மேலும் பம்பர்களின் மூலைகள் பெரும்பாலும் எங்காவது உரசி மறுபெயிண்ட் அடிக்கப்பட்டவை.

மறுபெயிண்ட் அடித்த பேனல்கள் கம்பெனி பெயிண்ட்டைப் போல நடந்துகொள்ளாது. சில மிக மென்மையாக இருந்து துணி பட்டாலே கோடு விழும். அவற்றுக்குத் தனிச் சோதனைச் சதுரம் போட வேண்டும். அடித்து ஒரு மாதம்கூட ஆகாத பேனலை, அடித்த பட்டறையில் கேட்காமல் தொட வேண்டாம்.

11. முடிவு சரியில்லாதபோது

கருநிறக் காரில் வெயிலில் பார்க்கும்போது மெல்லிய மூட்டம் தெரிந்தால், கட்டிங்கின் தடம் எஞ்சியிருக்கிறது. மென்மையான பேட், மெருகு பாலிஷ், குறைந்த அழுத்தத்தில் இரண்டு மூன்று நடை கூடுதலாகப் போதும். வெட்டும் காம்பவுண்டை மறுபடி எடுக்கத் தேவையில்லை.

வில் வில்லாக, விளக்கோடு சேர்ந்து நகரும் நிழல்கள் தெரிந்தால் அவை ரோட்டரி விட்டுப்போன ஹோலோகிராம். டி.ஏ. மெஷினில் மிதமான பேட்டோடு ஒரு சுற்று எடுத்தால் போய்விடும்.

தூள் பறந்துகொண்டே இருந்தால் பெயிண்ட் சூடாக இருக்கிறது, அல்லது பேட் நிரம்பியிருக்கிறது. ஆங்காங்கே புதிதாக ஒற்றை ஆழமான கீறல் தோன்றினால் உடனே மெஷினை நிறுத்தி பேட்டையும் துணியையும் பாருங்கள், மணல் ஏறியிருக்கும். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டுத் திரும்ப எடுத்ததே பெரும்பாலும் காரணம்.

12. பாதுகாப்புப் பூச்சும் பின்வேலையும்

பாலிஷ் செய்த கிளியர் கோட் வெறுமையாக நிற்கிறது. கடல் காற்றில் உப்பு படியும் இந்த மாவட்டத்தில் அதை அப்படியே அனுப்பக் கூடாது. ஆல்கஹால் கலவையால் முழுக் காரையும் கடைசியாகத் துடைத்து, அதே நாளில் வேக்ஸ், சீலன்ட் அல்லது செராமிக் கோட்டிங் போட வேண்டும். வேக்ஸ் மலிவு, சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை நிற்கும். செராமிக் கோட்டிங் பல மாதங்கள் தாங்கும். ஆனால் கீழே விட்டுவைத்த ஒவ்வொரு கீறலையும் அத்தனை காலத்துக்கும் பூட்டி வைக்கும். ஆகவே மெருகில் நிறைவு இல்லாத காருக்கு வேக்ஸ் போட்டு அனுப்புவதே மேல்.

செராமிக் போட்ட காரை, புட்டியில் குறித்த நேரம்வரை மழை படாமல் உள்ளேயே நிறுத்த வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மாலை மழை சொல்லாமல் வரும் என்பதால், அந்த மாதங்களில் கோட்டிங் வேலையை ஓர் இரவு ஷெட்டில் தங்கும் வண்டிக்கு மட்டுமே ஒப்புக்கொள்வது பாதுகாப்பு.

டேப்பை அன்றே எடுத்துவிடுங்கள்; வெயிலில் நின்றால் அதன் பசை பிளாஸ்டிக்கில் தங்கிவிடும். பேட்களைக் காம்பவுண்ட் காய்வதற்குள் வெதுவெதுப்பான சோப்பு நீரில் பிசைந்து அலசி, மெஷினில் மாட்டி, ஒரு வாளிக்குள் பிடித்துச் சுழற்றி நீரை உதறுங்கள். பிறகு ஃபோம் முகம் கீழாகவும் வெல்க்ரோ மேலாகவும் இருக்கும்படி நிழலில் உலர்த்த வேண்டும். நீர் பசை ஒட்டிய பக்கம் தேங்கினால் வெல்க்ரோ கழன்று வரும், கடும் வெயிலிலும் அப்படித்தான். மழைக்காலத்தில் அவை உலர இரண்டு நாளுக்கு மேல் ஆகலாம்; ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடித்து, அடுத்த காருக்கு எடுக்கும்போது ஃபோம் பொடிந்து கையோடு வரும்.